காலாங் ஆத்தை அணையிலேர்ந்து கடல் வரைக்கும் நடந்து பாக்குறது எப்படி? சிங்கப்பூருக்குப் புதுசா வந்தவங்களுக்கு

சிங்கப்பூர்ல ஆறே இல்லையேன்னு ஊர்லேர்ந்து புதுசா வர்றவங்க அடிக்கடி சொல்வாங்க. காவேரியையும் தாமிரபரணியையும் பாத்து வளந்த கண்ணுக்கு இங்க அடுக்குமாடி பிளாக் பக்கத்துல ஓடுற சிமெண்டு கால்வாய் ஆறா தெரியாது, அது நியாயம்தான். ஆனா அந்தக் கால்வாய்தான் ஆறு. அதுக்கு ஒரு தலை இருக்கு, கிளை இருக்கு, கழிமுகம் இருக்கு, சுத்தி ஒரு வடிநிலம் இருக்கு, ஸ்கூல்ல ஜியாகிராபி புக்குல படிச்ச அத்தனையும் இருக்கு. காவேரி 800 கிலோமீட்டர், அதோட வடிநிலம் சுமார் 81,000 சதுர கிலோமீட்டர், அதை முழுசா கண்ணால பாக்கணும்னா ரெண்டு மூணு மாநிலம் சுத்தணும். இங்க நாடே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான், நாட்டுலயே நீளமான ஆறான காலாங் சுமார் 10 கிலோமீட்டர். ஒரே நாள்ல, ஒரு ஜோடி ஷூவுல, ஒரு ஆத்தோட முழு கதையையும் மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துடலாம். லீவு நாள்ல லிட்டில் இந்தியா போய் சாப்ட்டு திரும்புறதோட நிக்காம இதையும் ஒரு தடவை செஞ்சு பாருங்கன்னுதான் இதை எழுதுறேன்.

நடக்குறதுக்கு முன்னாடி: உங்க பிளாக் கீழ இருக்கிற வடிகால்

ஆத்தைப் பாக்கப் போறதுக்கு முந்தி உங்க வீட்டுத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, வடிநிலம்ங்கிறது அங்கேர்ந்துதான் புரியும். ஊர்ல ஓட்டு வீட்டுக் கூரையை நெனச்சுக்குங்க, உச்சியில ஒரு மோடு இருக்கும், மழை அந்தப் பக்கம் விழுந்தா கொல்லைக்குப் போகும், இந்தப் பக்கம் விழுந்தா வாசலுக்கு வரும். நிலமும் அப்படித்தான். மேடு எங்க இருக்கோ அதுதான் எல்லை, அந்த எல்லைக்குள்ள விழுற ஒவ்வொரு துளியும் கடைசில ஒரே ஆத்துக்குத்தான் வந்து சேரும். அந்த மொத்த நிலத்துக்குப் பேர்தான் வடிநிலம், இங்க தண்ணி வாரியமான பியூபி ஆளுங்களும், அவங்க வைக்கிற பலகைகளும் நீர்ப்பிடிப்புப் பகுதின்னு சொல்லும்.

மழை பெய்ஞ்சு நின்ன உடனே வாய்ட் டெக், அதாவது பிளாக் கீழ இருக்கிற திறந்த தளம், அதோட ஓரமா போய் நில்லுங்க. சின்ன வடிகால்ல ஓடுற தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, அதோட கூடவே நடங்க, அது கொஞ்சம் பெரிய வடிகால்ல சேரும், அது ரோட்டோரக் கால்வாய்ல சேரும், அங்கேர்ந்து போன்ல ஒன்மேப்ங்கிற மேப் ஆப் திறந்து நீலக் கோட்டைப் புடிச்சுக்கிட்டே போனா எந்த ஆறு, எந்த நீர்த்தேக்கம்னு தெரிஞ்சுடும். அங் மோ கியோ தெற்கு, பீஷான், தோ பாயோ, போத்தோங் பாசிர், பூன் கெங் பக்கம் இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் காலாங்தான் வரும். பொங்கோல், செங்காங் ஆளுங்களுக்கு வேற, ஜூரோங், உட்லண்ட்ஸ் ஆளுங்களுக்கு வேற.

ஒரு விஷயத்தை இங்கயே நல்லா மனசுல வாங்கிக்குங்க. சிங்கப்பூர்ல பாத்ரூம், கிச்சன் தண்ணி போற பைப்பு வேற, மழைத்தண்ணி போற வடிகால் வேற, ரெண்டும் கலக்காது. நாட்டு நிலத்துல மூணுல ரெண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது அங்க விழுற மழை 17 நீர்த்தேக்கத்துல ஏதோ ஒண்ணுக்குப் போய், சுத்தம் பண்ணி, குழாய்ல நம்ம கிளாஸுக்கு வருது. அதனால கீழ இருக்கிற வடிகால் சாக்கடை இல்ல, அது ஆத்தோட நுனி. கார் கழுவுன சோப்புத்தண்ணி, சமைச்ச எண்ணெய், டீ குடிச்ச கப்பு எதையும் அதுல போடாதீங்க.

கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்ல வேலை பாக்குற தம்பிங்க இதை இன்னும் கவனமா படிங்க. சைட்ல மண் அரிச்சு ஓடாம தடுக்க கேன்வாஸ் போடுறது, சேத்துத் தண்ணியை தொட்டில தேக்கி தெளிய வச்சு விடுறது, இதெல்லாம் சும்மா ரூலுக்காக இல்ல. வெளிய விடுற தண்ணில ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல மிதக்கிற மண் இருக்கக்கூடாதுன்னு கணக்கு வச்சிருக்காங்க. நீங்க சரியா மூடாத ஒரு மண்மேடு அரை மணி நேர மழையில கீழ இருக்கிற ஆத்தையே செம்மண் கலராக்கிடும். அந்த வகைல ஆத்தைக் காப்பாத்துற முதல் ஆள் நீங்கதான், இதை நான் மனசார சொல்றேன்.

நாள், நேரம், பையில என்ன

காலைல 7 மணிக்கு ஆரம்பிங்க, இங்க விடியறதே 7 மணி சுமாருக்குத்தான். 11 மணிக்கு மேல வெயிலும் புழுக்கமும் சேந்து ஆளை சாய்ச்சுடும். நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, மத்தியானத்துக்கு மேல கொட்டும். வருஷ நடுவுல இருக்கிற மாசங்கள்ல விடிகாலைல சுமத்ராலேர்ந்து காத்தும் மழையுமா ஒண்ணு வந்துட்டுப் போகும், அது ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல அடங்கிடும், அப்படி அடங்குன பின்னாடி கிளம்புனா ஆறு ஓடுறதையும் பாக்கலாம், சூடும் குறைவு. இடி மின்னல் மட்டும் லேசா எடுத்துக்காதீங்க, இங்க வருஷத்துல ஏறக்குறைய பாதி நாள் எங்கயாவது இடி இடிக்கும். மைஎன்வி ஆப்ல மழை ராடார் இருக்கு, கிளம்புறதுக்கு முந்தி ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை பாருங்க. இடி வந்தா மரத்தடிலயும் திறந்த புல்வெளிலயும் நிக்காம பக்கத்து பிளாக் கீழ போயிடுங்க.

தண்ணி பாட்டில், தொப்பி, சின்னக் குடை, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஈஸி லிங்க் கார்டு, போன்ல சார்ஜ். போதும். முழுசா நடக்க முடியாதவங்க சைக்கிள் எடுக்கலாம், இல்ல பாதியா பிரிச்சு ரெண்டு ஞாயித்துக்கிழமைல நடக்கலாம், வழி நெடுக எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் இருக்கு.

தலை: லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம்

அப்பர் தாம்சன் எம்ஆர்டில இறங்கி, அப்பர் தாம்சன் ரோட்டுல வடக்கே போற பஸ் புடிச்சு, ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டுப் பக்கம் இறங்குங்க. காலைச் சாப்பாடு வேணும்னா கேசுவரினா ரோட்ல பரோட்டா கிடைக்கும், சாப்ட்டுட்டு நீர்த்தேக்கத்துக்கு நடந்துடலாம்.

காலாங்கோட அசல் ஊத்துக்கண் இந்த நீர்த்தேக்கத்துக்கும் மேல, நடுக்காட்டுக்குள்ள இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துல ஊருக்குத் தண்ணி பத்தலைன்னு 1910-கள்ல ஆத்துக்குக் குறுக்க அணை கட்டி காலாங் ரிவர் ரிசர்வாயர்னு பேர் வச்சாங்க, 1922-ல முனிசிபல் இன்ஜினியர் ராபர்ட் பியர்ஸ் பேரை வச்சு மாத்துனாங்க. 1970-கள்ல அதுக்கு மேல இன்னொரு அணை கட்டுனப்போ மேல இருக்கிறது அப்பர் பியர்ஸ், கீழ இருக்கிறது லோவர் பியர்ஸ்னு ஆச்சு. அதனால இன்னிக்கு ஆத்தோட 10 கிலோமீட்டரை இந்தக் கீழ் அணையிலேர்ந்துதான் அளக்குறாங்க.

இங்க மரப்பாலத்துல நடந்து காட்டையும் தண்ணியையும் பாருங்க. கரையில கடும் சரிவு இல்ல, இலைச்சருகு தரைய மூடியிருக்கு, மழை நேரா மண்ணை அடிக்காம இலைல விழுந்து, சருகுல ஊறி, மெதுவா இறங்குது, அதான் தண்ணி தெளிவா இருக்கு. கீழ சிமெண்டு ஊர்ல அதே மழை எப்படி ஓடுதுன்னு பின்னாடி பாக்கப் போறீங்க, அதுக்கு இந்தக் காட்சியை ஞாபகம் வச்சுக்குங்க. நம்ம ஊர் ஏரில உபரித் தண்ணி வெளிய போக கலிங்கு இருக்கும்ல, அதே மாதிரி இந்த அணைக்கும் ஒண்ணு உண்டு, தேக்கம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி அது வழியா காலாங்குக்கு இறங்கும். மத்த நாள்ல கீழ ஆத்துல ஓடுறது பெரும்பாலும் ஊருக்குள்ள விழுற மழையும் வடிகால் தண்ணியும்தான்.

குரங்குங்க நிறைய. பிளாஸ்டிக் பை கைல வச்சிருந்தா சாப்பாடுன்னு நெனச்சு புடுங்க வரும், எல்லாத்தையும் முதுகுப் பைக்குள்ள போட்டு ஜிப் போடுங்க. தீனி போடாதீங்க, அது சட்டப்படி தப்பு.

பீஷான் - அங் மோ கியோ பூங்கா, இங்க நேரம் எடுத்துக்குங்க

அணைக்குக் கீழ ஆறு அப்பர் தாம்சன் ரோட்டைத் தாண்டி கிழக்கே வந்து பூங்காவுக்குள்ள நுழையுது. மொத்த நடையில ஒரு இடத்துல மட்டும் நிக்க முடியும்னா இங்க நில்லுங்கன்னு சொல்வேன்.

இந்த இடத்துல முன்னாடி 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டுல ஒரு சிமெண்டு கால்வாய், ரெண்டு பக்கமும் வேலி, ஒரு பக்கம் பூங்கா, இன்னொரு பக்கம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுங்க. பியூபியும் பூங்கா வாரியமான என்பார்க்ஸும் சேந்து, கால்வாயையும் ஆத்தையும் மக்கள் வந்து பழகுற இடமா மாத்துற ஏபிசி வாட்டர்ஸ் திட்டத்துல அந்த சிமெண்டை உடைச்சு எடுத்து, ஆத்தை வளைய விட்டாங்க. 2009-ல ஆரம்பிச்சு 2012-ல திறந்தாங்க. அதே ரெண்டு முனைக்கு நடுவுல இப்ப ஆறு 3.2 கிலோமீட்டர் ஓடுது, அந்தக் கூடுதல் நீளம் முழுக்க வளைவு. உடைச்ச சிமெண்டுப் பாளத்தை வெளிய கொட்டாம பூங்காவுக்குள்ளயே அடுக்கி ரீசைக்கிள் ஹில்னு ஒரு சின்ன மேடு ஆக்கியிருக்காங்க, அதுமேல ஏறுங்க, அங்கேர்ந்து பாத்தா ஆறு வளையுறது நல்லா தெரியும்.

இப்ப கீழ இறங்கி ஒரு வளைவுக்குப் பக்கத்துல போங்க. வளைவோட வெளிப்பக்கம் தண்ணி வேகமா வந்து கரையை அரிக்கும், உள்பக்கம் வேகம் குறைஞ்சு மணலும் கூழாங்கல்லும் படியும். காவேரில எக்கச்சக்க அகலத்துல நடக்குற இந்த வேலையை இங்க பத்தடி தூரத்துல நின்னு பாக்கலாம். அரிக்கிற பக்கத்துல கரை எப்படி நிக்குதுன்னு பாருங்க, கான்கிரீட் இல்ல, பாறை, கம்பிக்கூடைக்குள்ள அடுக்குன கல்லு, செடியோட வேர், இதுங்கதான் மண்ணைப் புடிச்சு வச்சிருக்கு. இந்த நாட்டு மழைக்கு இது தாங்குமான்னு முன்னாடியே 10 விதமான முறையை ஒரு சின்ன ஓடைல வச்சு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் பெரிய ஆத்துல செஞ்சாங்க.

ரெண்டு பக்கமும் புல்வெளி ஏன் இவ்ளோ அகலமா சரிவா இருக்குன்னு யோசிச்சீங்கன்னா, அதுதான் வெள்ளச் சமவெளி. சாதாரண நாள்ல 20 மீட்டர் சுமார் அகலத்துல இருக்கிற ஆறு பெரிய மழையில கிட்டத்தட்ட 100 மீட்டர் வரைக்கும் விரியுது, பழைய கால்வாயை விட 40 சதவீதம் கூடுதல் தண்ணியை இது கடத்தும். ஆத்துக்கு இடம் குடுத்தா அது ஊருக்குள்ள வராதுங்கறதுக்கு இதை விட நல்ல சான்று நான் பாத்ததில்ல, நம்ம ஊர்ல ஆத்துப் புறம்போக்குல கட்டடம் கட்டுறவங்களை கூட்டிட்டு வந்து காட்டணும்னு தோணும்.

ஆனா அதே காரணத்துனால ஜாக்கிரதை. சின்ன வடிநிலம், சரிவு, பாதிக்கு மேல சிமெண்டும் தாரும், அதனால மேல மழை பெய்ஞ்சா தண்ணி இங்க வந்து சேர சில நிமிஷம்தான் ஆகும், உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சுக்கிட்டு இருந்தாக்கூட வரலாம். சென்சார் வச்சிருக்காங்க, தண்ணி ஏறுனா சைரன் ஊதும், விளக்கு மின்னும், அறிவிப்பு வரும். அந்த நேரத்துல போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காம மேட்டுப் பக்கம் ஏறுங்க, பிள்ளைங்க கூட இருந்தா சத்தம் வர்றதுக்கு முந்தியே, வானம் கறுத்தாலே ஏறிடுங்க.

நீர்நாய் குடும்பம் கண்ணுல பட்டா தூரத்துலேர்ந்து பாருங்க, குட்டி இருந்தா கிட்டப் போகவே வேணாம்.

நடு ஆறு: சிமெண்டுக்குள்ள

பூங்கா முடிஞ்சதும் ஆறு மறுபடியும் கால்வாய் ஆகிடும். நிறைய பேர் இங்க சலிச்சுப்போய் எம்ஆர்டி புடிச்சுடுவாங்க, நீங்க போகாதீங்க. காலாங் பார்க் கனெக்டர் பாதையைப் புடிச்சு பிரேடல் ரோடு, தோ பாயோ கிழக்குப் பக்கம், போத்தோங் பாசிர்னு இறங்குங்க. வழியில கால்வாய் சுவத்துல வட்டமாவும் சதுரமாவும் ஓட்டை ஓட்டையா தெரியும், ஒவ்வொண்ணும் ஒரு பேட்டைலேர்ந்து வர்ற வடிகால், அதுங்கதான் இந்த ஆத்தோட துணையாறு. கால்வாய் இவ்ளோ ஆழமா, அடியில கொஞ்சூண்டு தண்ணியோட கிடக்கே, வீண்தானேன்னு தோணும், மழை பெய்ஞ்ச அரை மணில வந்து பாருங்க. எக்காரணத்துக்கும் கால்வாய்க்குள்ள இறங்காதீங்க, பந்து விழுந்தாலும் சரி, போன் விழுந்தாலும் சரி.

போத்தோங் பாசிர் தாழ்வான நிலம், முன்னாடி காய்கறித் தோட்டமும் குளமுமா இருந்த இடம், வெள்ளம் வந்தா முதல்ல முங்குறது இதுதான். 1978 டிசம்பர்ல 24 மணி நேரத்துல 512 மில்லிமீட்டர் பெய்ஞ்சுது, நாடு முழுக்க வெள்ளம், 7 பேர் செத்தாங்க. அந்தத் தலைமுறைப் பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்தா கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. போத்தோங் பாசிர் அவென்யூ 2-ல சிவதுர்கா கோயில் இருக்கு, கால் வலிச்சா அங்க போய் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரலாம்.

இன்னொண்ணு, வடிநிலத்தோட எல்லை எப்பவும் இயற்கை போட்டதாவே இருக்கணும்னு இல்ல. புக்கிட் தீமா பக்கம் வெள்ளம் தாங்க முடியாம 1970-கள்ல ஒரு திருப்புக் கால்வாய் வெட்டி, மேட்டுல விழுற தண்ணியை உலு பாண்டான் ஆத்துப் பக்கம் தள்ளி விட்டாங்க. மழை விழுந்த மேடு ஒரு ஆத்தோடது, தண்ணி போய்ச் சேர்றது வேற ஆத்துக்கு. அதனால மேப்புல மேட்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாம, கால்வாய் எங்க போகுதுன்னும் பாருங்க.

போத்தோங் பாசிருக்குக் கீழ சிராங்கூன் ரோடும், அப்புறம் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயும் குறுக்க வரும். பாதை வேலை நடந்துக்கிட்டு இருந்தா மாத்துப்பாதை பலகை வச்சிருப்பாங்க, அதைப் பாத்துப் போங்க, சைக்கிள்காரங்க இந்த இடத்துல இறங்கித் தள்ளிட்டுப் போறது நல்லது. அதுக்கப்புறம் கேலாங் பாரு, கோலம் ஆயர் பக்கம் ஆறு அகலமாகிடும். இந்தக் கீழ்ப்பகுதிலதான் வாம்போ ஆறும் வந்து சேருது.

கழிமுகம்

காலாங் ரிவர்சைட் பூங்கா வந்தா ஆறு விரிஞ்சு ஏரி மாதிரி ஆகிடும், இதான் காலாங் பேசின். முன்னாடி இங்க சதுப்பு நிலம், அலையாத்திக் காடு, படகுலயே பொறந்து படகுலயே வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள். சதுப்பை மேடாக்கி விமான நிலையம் கட்டி 1937-ல திறந்தாங்க. கரையோரத்துல படகு கட்டுற பட்டறைங்க, ஆத்தோட மேல்பகுதில பன்னிப் பண்ணை, வாத்துப் பண்ணை, எல்லாக் கழிவும் தண்ணில. 1977-ல பிரதமர் லீ குவான் யூ சிங்கப்பூர் ஆத்தையும் காலாங் பேசினையும் பத்து வருஷத்துல சுத்தம் பண்ணணும்னு சொல்லி, 1987-ல முடிச்சுக் காட்டுனாங்க. நம்ம ஊர்ல கூவத்தையும் நொய்யலையும் பாத்து மனசு வெந்தவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். ஆத்துக்குள்ள தூர் வாருனது கடைசில, அதுக்கு முந்தி வடிநிலம் முழுக்க கழிவு எங்கேர்ந்து வருதுன்னு பாத்து, பண்ணையையும் பட்டறையையும் எடுத்து, வீடுகளுக்கு கழிவுநீர்க் குழாய் போட்டு, ரோட்டோரக் கடைக்காரங்களை ஹாக்கர் சென்டருக்கு, அதாவது கூரை போட்ட சாப்பாட்டுக் கடைத் தொகுதிக்கு மாத்துனாங்க.

காலாங் எம்ஆர்டிக்குப் பக்கத்துல மன்மத காருணீஸ்வரர் கோயில் இருக்கு, காலாங் கேஸ் வொர்க்ஸ்ங்கிற பழைய கேஸ் தொழிற்சாலை காலத்துலேர்ந்து நம்ம ஆளுங்க கும்பிட்டுக்கிட்டு வர்ற இடம். இந்த வடிநிலத்துல நம்மளோட தடம் இன்னும் இருக்கு. லிட்டில் இந்தியால மாட்டு வியாபாரம் வளந்ததுக்கு ரோச்சோர் ஆத்துத் தண்ணி பக்கத்துல இருந்தது ஒரு காரணம், டோபி காட்ல சலவைத் தொழிலாளிங்க துணி துவைச்ச ஓடைதான் இன்னிக்கு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். ரோச்சோரும் ஸ்டாம்ஃபோர்டும் கேலாங் ஆறும் சிங்கப்பூர் ஆறும் காலாங்கும், அஞ்சும் ஒரே நீர்த்தேக்கத்துலதான் போய் விழுது.

அதைப் பாக்க ஸ்டேடியம் ஓரமா தஞ்சோங் ரு, கார்டன்ஸ் பை தி பே கிழக்குப் பக்கம்னு நடந்து, கடல் ஓரத்துல குறுக்க கட்டியிருக்கிற மரினா பராஜ் அணைக்குப் போங்க. 350 மீட்டர் நீளம், 9 மதகு, 7 பெரிய பம்பு, 2008-ல திறந்தாங்க. வேலை செய்யுற விதம் எளிமைதான். பெருமழை பெய்ஞ்சு கடல் தாழ்ந்திருந்தா மதகைத் திறந்து மிச்சத்தை கடலுக்கு விடுவாங்க, கடல் ஏறியிருந்தா மதகைத் திறந்தா கடல்தண்ணி உள்ள வந்துடும், அதனால மூடி வச்சுட்டு பம்பு போட்டு வெளிய தள்ளுவாங்க. முன்னாடி மழையும் கடல் ஏத்தமும் ஒரே நேரத்துல வந்தா ஜாலான் புசார், சைனாடவுன் பக்கமெல்லாம் தண்ணி நிக்கும், அதுக்கும் இது மருந்து. உப்பு மெல்ல மெல்ல வெளியேறி 2010-ல இது நன்னீர்த் தேக்கமா மாறிடுச்சு. இதுக்குத் தண்ணி வர்ற நிலம் சுமார் 10,000 ஹெக்டேர், பூரா ஊரு, ரோடு, கடை, வீடு.

பாலத்து மேல நின்னு ரெண்டு பக்கமும் பாருங்க, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தேக்கம், நீர்மட்டம் ரெண்டும் வேற வேறயா இருக்கும், எது மேல இருக்குங்கிறது அப்போதைய ஏத்தத்தைப் பொறுத்தது. போறதுக்கு முந்தி போன்ல அன்னிக்கு ஏத்தம் வத்தம் நேரம் பாத்து வச்சுக்கிட்டா என்ன நடக்குதுன்னு இன்னும் நல்லா புரியும். பக்கத்துலயே காட்சிக்கூடம் இருக்கு, பிள்ளைங்களுக்குப் புடிக்கும், மாடிப் புல்வெளில பட்டம் விடலாம்.

திரும்புறதுக்கு கார்டன்ஸ் பை தி பே எம்ஆர்டி. அடுத்த லீவுக்கு எந்த ஆறுன்னு கேட்டா, பொங்கோல் செங்காங் ஆளுங்க சிராங்கூன் ஆத்தை எடுங்க, அதோட வாயையும் 2011-ல அணை கட்டி நீர்த்தேக்கம் ஆக்கியிருக்காங்க. உட்லண்ட்ஸ், சுவா சூ காங் ஆளுங்களுக்கு கிராஞ்சி. எதை எடுத்தாலும் மேலேர்ந்து கீழ நடங்க, கீழேர்ந்து மேல போனா கிளையெல்லாம் எங்க சேருதுன்னு குழம்பிடும்.